ஜிஸ்யா சீட்டும் இரண்டு சாட்சிகளும்

இஸ்லாமிய அரசுகளில் பிற மதத்தாரின் சட்ட நிலை என்ன என்று கேட்டால் பேச்சு உடனே ஜிஸ்யாவுக்கு, அதாவது அவர்கள் கட்டிய தலைவரிக்கு, போய்விடுகிறது. ஒரு பக்கம் 'அது வெறும் பாதுகாப்பு வரி' என்கிறார்கள். இன்னொரு பக்கம் 'அது கொடுமையின் அடையாளம்' என்கிறார்கள். இரு தரப்பும் அந்த வரி எப்படி விதிக்கப்பட்டது, யார் வசூலித்தார், கட்டாதவருக்கு என்ன நேர்ந்தது என்ற இடத்துக்கு வருவதே இல்லை. ஜிஸ்யாவைவிடக் கனமான ஒரு விதி நீதிமன்றத்தில் இருந்தது என்பது என் கருத்து: முஸ்லிமுக்கு எதிராக முஸ்லிம் அல்லாதவரின் சாட்சி செல்லாது என்ற விதி. 'திம்மிகள்' எனப்பட்ட முஸ்லிம் அல்லாத குடிகளுக்குச் சட்டம் கொடுத்த மற்ற உரிமைகள் பலவும் இந்த வாசலைக் கடந்துதான் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தது.

பதிமூன்று நூற்றாண்டுகளையும் மூன்று கண்டங்களையும் ஒரே மூச்சில் பேசினால் எதுவும் விளங்காது. அதனால் இங்கே உதுமானியப் பேரரசை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதிலும் 1453 முதல் 1856 வரை. காரணம், அங்கே காஜி (இஸ்லாமிய நீதிபதி) நீதிமன்றப் பதிவேடுகள் மலைபோல் மிஞ்சியிருக்கின்றன. இஸ்தான்புல், பர்சா, கைசேரி, நிக்கோசியா, ஜெருசலேம், அலெப்போ, சோஃபியா என்று ஊர் ஊராக 'சிஜில்' எனப்படும் அந்தப் பதிவேடுகளில் கிறிஸ்தவர்களும் யூதர்களும் வீடு விற்றது, கடன் கொடுத்தது, பாகம் பிரித்தது எல்லாம் இருக்கிறது. சட்டநூல் சொல்வதையும் தெருவில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

அடிப்படை ஓர் ஒப்பந்தம். ஆட்சியை ஏற்று ஜிஸ்யா கட்டும் கிறிஸ்தவர், யூதர் ஆகியோரின் உயிர், உடைமை, வழிபாடு ஆகியவற்றுக்கு அரசு பொறுப்பு. இந்த ஒப்பந்தம் 'திம்மா', அதற்குள் இருப்பவர் 'திம்மி'. வியாபாரத்துக்காக வெளிநாட்டிலிருந்து வருபவர் வேறு வகை. அவர் 'முஸ்தஃமின்', அனுமதி பெற்ற விருந்தினர். இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்றான ஹனஃபி சட்டப்படி அவர் ஓராண்டுக்கு மேல் தங்கினால் திம்மியாகிவிடுவார், ஜிஸ்யா கட்ட வேண்டும்.

உதுமானிய அரசு ஹனஃபி வழியைப் பின்பற்றியது. தமிழ்நாட்டில் கடற்கரை ஊர்களில் ஷாஃபி வழியும் உள்நாட்டில் ஹனஃபி வழியும் பரவலாக இருப்பதால் இந்தப் பெயர்கள் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் திம்மிகள் விஷயத்தில் இந்த இரண்டுக்கும் இடையே இருந்த தூரம் பலருக்குத் தெரியாது. திம்மியை வேண்டுமென்றே கொன்ற முஸ்லிமுக்கு மரண தண்டனை உண்டு என்கிறது ஹனஃபி சட்டம். ஷாஃபி சட்டத்தில் இல்லை. கொலைக்கான இழப்பீட்டுத் தொகை ஹனஃபியில் இருவருக்கும் சமம். ஷாஃபியில் யூதர், கிறிஸ்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மாலிகி என்ற இன்னொரு வழியில் பாதி. ஒரு திம்மியின் மதுவை ஒரு முஸ்லிம் கொட்டிவிட்டால் ஹனஃபி சட்டம் அவரிடம் விலையை வசூலித்துக் கொடுக்கும், ஏனென்றால் அது திம்மிக்குச் சொத்து. ஷாஃபியில் மதுவுக்கு மதிப்பே இல்லை. ஆக, காகிதத்தில் ஹனஃபி சட்டமே திம்மிக்கு மிகவும் சாதகமானது. அதே சட்டத்தில் சாட்சி விதி எப்படி இதைத் தின்றது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வரி. கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் தலைமைக் காஜியாக இருந்த அபூ யூசுஃப் (இறப்பு 798) வகுத்துச் சொன்ன அளவு ஆண்டுக்கு 48, 24, 12 திர்ஹம் (வெள்ளிக் காசு): செல்வந்தர், நடுத்தரம், உழைத்துப் பிழைக்கும் ஏழை. தங்கத்தில் 4, 2, 1 தினார். பெண்கள், சிறுவர், அடிமைகள், பார்வையற்றோர், உடல் ஊனமுற்றோர், பிச்சை எடுத்து வாழ்வோர் கட்ட வேண்டியதில்லை. யார் எந்தத் தரம்? ஹனஃபி நூல்களில் காணப்படும் ஒரு கணக்கு, 10,000 திர்ஹமுக்கு மேல் உடையவர் செல்வந்தர், 200 முதல் 10,000 வரை நடுத்தரம், அதற்குக் கீழ் ஏழை. இதைக் கூர்ந்து பாருங்கள். அடித்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் உடைமையில் ஐம்பது மடங்கு வித்தியாசம் இருக்கலாம், வரியிலோ நான்கு மடங்குதான். பெரிய வணிகருக்கு 48 திர்ஹம் ஒரு பொருட்டே அல்ல. கூலிக்காரருக்கு 12 திர்ஹம் பல நாள் சம்பளம். கெய்ரோவின் பழைய யூத ஆலயத்தில் கிடைத்த கெனிசா கடிதங்களில் 11, 12ஆம் நூற்றாண்டு ஏழைகள் இந்த வரிக்காகத் தம் சமூகத்தாரிடம் கையேந்தி எழுதிய மன்றாட்டுகள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் படித்த பிறகு 'சின்ன வரி' என்று யாரும் லேசாகச் சொல்ல மாட்டார்கள்.

வசூலிக்கும் விதம் பற்றியும் சட்ட அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. கட்டுபவர் நிற்க வேண்டும், வாங்குபவர் உட்கார்ந்திருக்க வேண்டும், கழுத்தில் ஓர் அடி என்று அவமானச் சடங்கை எழுதியவர்கள் உண்டு. பெரும் ஷாஃபி அறிஞர் நவவி, இதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று வெளிப்படையாக மறுத்தார். அபூ யூசுஃப் அதற்கு முன்பே, அடிக்கக் கூடாது, வெயிலில் நிறுத்தக் கூடாது, மென்மையாக நடத்த வேண்டும் என்று கலீஃபாவுக்கு எழுதினார். அப்படி எழுத வேண்டி வந்தது என்றால் வெயிலில் நிறுத்தும் வழக்கம் எங்கோ இருந்தது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

உதுமானியர் ஆட்சியில் 1691 வரை பல பகுதிகளில் ஜிஸ்யா ஆளுக்கு அல்லாமல் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலானது. இதில் ஒரு பெரிய ஓட்டை. பதிவேட்டில் ஊருக்கு நூறு வீடு என்றிருந்தால், போரிலோ கொள்ளைநோயிலோ முப்பது வீடு காலியானாலும் மறு கணக்கெடுப்பு வரும்வரை மீதமுள்ள எழுபது வீடு நூறுக்கும் கட்ட வேண்டும். பாரம் தாங்காமல் இன்னும் பத்துக் குடும்பம் ஊரைவிட்டு ஓடும், மிஞ்சியவர்களின் சுமை இன்னும் ஏறும். 1683இல் வியன்னாவில் தொடங்கிய நீண்ட போரில் பால்கன் பகுதி இப்படித்தான் நொறுங்கியது.

1691இல் தலைமை அமைச்சர் கோப்ருலு ஃபாஸில் முஸ்தஃபா பாஷா இதை மாற்றினார். ஆளுக்கு இவ்வளவு, மூன்று தரம், 4, 2, 1 தங்கக் காசு. பழைய ஹனஃபி விதிக்குத் திரும்பியதாக அறிவிப்பு. தலைநகரில் ஒவ்வொரு தரத்துக்கும் தனித்தனிச் சீட்டு தயாராகும். அதில் ஆண்டு, தரம், அதிகாரிகளின் முத்திரைகள். ஊர் வாரியாக எண்ணி மூட்டையாகக் கட்டி முத்திரையிட்டு அனுப்புவார்கள். முஹர்ரம் மாதத் தொடக்கத்தில் காஜியின் முன்னிலையில் மூட்டையைப் பிரிப்பார்கள். வசூலிப்பவர் பணத்தை வாங்கிக்கொண்டு சீட்டைக் கொடுப்பார். வெளியூர் போகிறவர் அதைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். தொலைத்துவிட்டால் அடுத்த ஊரில் இன்னொரு சீட்டு வாங்க வைப்பார்கள்.

திட்டம் நேர்த்தியானது. எங்கே சறுக்கியது? மூட்டையில் இருக்கும் சீட்டுகளின் எண்ணிக்கை முன்கூட்டியே முடிவானது. வசூலிப்பவர் அவற்றைத் தீர்த்தாக வேண்டும். மீந்துபோனால், வயது வராத பையனுக்கும் உழைக்க முடியாத கிழவருக்கும் சீட்டைத் திணிப்பதும், ஏழையின் கையில் நடுத்தரச் சீட்டை வைப்பதும் நடந்தது. வீட்டுக்கு ஒன்று என்றிருந்தபோது தப்பித்த திருமணமாகாத இளைஞர்களும் இப்போது தனித்தனியே கட்ட வேண்டியதாயிற்று. சில ஊர்களும் பிரிவுகளும் ஆளுக்கு ஆள் எண்ணுவதைத் தவிர்த்து, மொத்தத் தொகை ஒன்றைப் பேசி முடித்துக்கொண்டன. அப்போது யாருக்கு எவ்வளவு என்று பங்கிட்டவர்கள் அந்தச் சமூகத்தின் பெரியவர்களே. பாரபட்சம் அங்கேயும் புகுந்தது, இந்த முறை சொந்த மதத்தாரின் கையால்.

இன்னொரு கணக்கு பலரின் கண்ணில் படுவதில்லை. ஜிஸ்யா சந்திர ஆண்டுக் கணக்கு. 354 நாளுக்கு ஒருமுறை. விளைச்சலோ சூரிய ஆண்டைப் பின்பற்றும். ஆகவே வசூல் நாள் ஆண்டுதோறும் சுமார் பதினொரு நாள் முன்னால் நகரும். சில ஆண்டுகளில் அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும்போது வரும், சில ஆண்டுகளில் விதைப்புக் காலத்தில் வந்து நிற்கும். 32 சூரிய ஆண்டுகளில் 33 முறை கட்ட வேண்டும். அடிநிலை விவசாயிக்கு அது விதைப்புக் காலத்தில் வந்தால் வட்டிக்காரரின் வாசல்தான்.

இனி சாட்சி. இஸ்லாமியச் சட்டத்தில் உரிமையை நிலைநாட்டும் முதன்மையான வழி நேரில் வந்து சொல்லும் சாட்சி. பொதுவாக இரண்டு ஆண்கள், அல்லது ஓர் ஆணும் இரண்டு பெண்களும், நேர்மையானவர்களாக அறியப்பட்டவர்கள். கையெழுத்திட்ட தாளைத் தனியாக ஆதாரமாகக் கொள்ளச் சட்டநூல்கள் தயங்கின, தாளைத் திருத்தலாம் என்பதால். திம்மிக்கு எதிராக இன்னொரு திம்மி சாட்சி சொல்லலாம், ஹனஃபி சட்டம் அதை ஏற்றது. கிறிஸ்தவருக்கு எதிராக யூதரும் சொல்லலாம். முஸ்லிமுக்கு எதிராகச் சொல்ல முஸ்லிம்கள் மட்டுமே. ஆனால் முஸ்லிம்கள் யாருக்கு எதிராகவும் சொல்லலாம்.

ஒரு கிரேக்க வணிகர் தம் கடையில், தம் ஆட்கள் முன்னிலையில், ஒரு முஸ்லிமுக்குக் கடன் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து, கடன் வாங்கியவர் வாங்கவே இல்லை என்கிறார். வணிகரின் கணக்குப் புத்தகம் போதாது. கடை ஆட்கள் கிறிஸ்தவர்கள் என்றால் அவர்கள் வாய் திறக்க முடியாது. வாதியிடம் சான்று இல்லாதபோது பிரதிவாதியைச் சத்தியம் செய்யச் சொல்வார் காஜி. அவர் சத்தியம் செய்துவிட்டால் வழக்கு தள்ளுபடி. (கிறிஸ்தவர் பிரதிவாதியாக இருந்தால் 'ஈஸாவுக்கு இன்ஜீலை அருளிய அல்லாஹ்வின் மீது' என்றும், யூதர் 'மூஸாவுக்குத் தவ்ராத்தை அருளிய அல்லாஹ்வின் மீது' என்றும் சத்தியம் செய்வார்கள். அந்தச் சத்தியம் முழுமையாக ஏற்கப்பட்டது.) திம்மியைக் கொன்ற முஸ்லிமுக்கு மரண தண்டனை என்றேனே, அந்தக் கொலையைப் பார்த்தவர்கள் எல்லாம் திம்மிகள் என்றால் அந்தச் சட்டம் புத்தகத்திலேயே இருக்கும். கொட்டிய மதுவுக்கு விலை கேட்டவரின் கதியும் அதுவே.

திம்மிகள் இதைச் சகித்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கைவசம் இருந்த வழிகளை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். தகராறு வந்த பிறகு காஜியிடம் போவதைவிட, ஒப்பந்தம் செய்யும் அன்றே போவது முதல் வழி. கடன் வாங்கும் முஸ்லிம் நீதிமன்றத்தில் 'இன்னாரிடம் இவ்வளவு பெற்றேன், இந்தத் தேதியில் தருவேன்' என்று வாய்மொழியாக ஒப்புக்கொள்வார். தன் வாயால் ஒப்புக்கொண்டது தன்னையே கட்டும், அதற்கு எதிர்ச்சாட்சி தேவையில்லை. காஜி அதைச் சிஜிலில் எழுதி, 'ஹுஜ்ஜத்' என்ற சான்றிதழைக் கட்டணம் வாங்கிக்கொண்டு தருவார். பதிவின் அடியில் அன்றைய நடவடிக்கையைப் பார்த்தவர்களின் பெயர் வரிசை இருக்கும். சிஜிலைப் படிப்பவர்கள் அந்த வரிசையைத் தாண்டிப் போய்விடக் கூடாது. பின்னாளில் வழக்கைத் தாங்கப் போகிறவர்கள் அவர்கள். ஐந்தாறு முஸ்லிம் பெயர்கள், அவற்றில் ஒருவர் பள்ளிவாசல் இமாம், ஒருவர் அந்தக் கடைத்தெருக்காரர் என்றால், அந்தப் பத்திரத்தை எளிதில் அசைக்க முடியாது. அந்தச் சாட்சிகள் இறந்துவிட்டாலோ இடம் பெயர்ந்துவிட்டாலோ சிக்கல். அதனால் பெரிய தொகைக்குக் கூடவே அடமானமும், ஜாமீனுக்கு ஒரு முஸ்லிமும் கேட்டார்கள்.

இந்த ஆபத்து வெளிநாட்டாருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. 1580இல் ஆங்கிலேய வணிகர்களுக்கு சுல்தான் மூன்றாம் முராத் கொடுத்த சலுகைப் பத்திரத்தில், வணிகமும் ஜாமீனும் காஜியிடம் பதிவு செய்யப்பட வேண்டும், பதிவோ ஹுஜ்ஜத்தோ இல்லாமல் பொய்ச் சாட்சிகளைக் கொண்டுவந்து தொடுக்கும் வழக்கைக் கேட்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். உள்நாட்டுத் திம்மிகளுக்கு அப்படி ஒரு பத்திரம் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பல கிரேக்க, ஆர்மீனிய, யூத வணிகர்கள் ஐரோப்பியத் தூதரகங்களில் மொழிபெயர்ப்பாளர் என்ற பெயரில் பாதுகாப்புப் பத்திரம் வாங்கிக்கொண்டதற்கு வரிச்சலுகையைவிட இதுவே வலுவான காரணம் என்று எனக்குப் படுகிறது. அரசும் அதைப் புரிந்துகொண்டது. சுல்தான் மூன்றாம் செலீம் 1802 வாக்கில் சொந்தத் திம்மி வணிகர்களுக்கே அதே போன்ற சலுகைகளை விற்கத் தொடங்கினார்.

இவ்வளவு தடை இருந்தும் திம்மிகள் தங்கள் பாதிரியாரையும் ரப்பியையும் விட்டுவிட்டுக் காஜியிடம் போனது ஏன்? சர்ச் நீதிமன்றத்துக்குத் தீர்ப்பை நிறைவேற்றும் கை இல்லை, காஜிக்கு இருந்தது. இருவரும் கிறிஸ்தவர்கள் என்றால் சாட்சித் தடையும் இல்லை. பெண்களுக்கு இன்னொரு காரணம். இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தில் மகளுக்கு மகனின் பாகத்தில் பாதி உறுதி. விதவைக்கும் குறித்த பங்கு உண்டு. சொந்தச் சமூக வழக்கில் அது கிடைக்காது என்று தெரிந்த கிறிஸ்தவப் பெண்கள் நேரே காஜியிடம் வந்து கேட்டு வாங்கியதைச் சிஜில்கள் காட்டுகின்றன. சர்ச் தராத மணவிலக்குக்கும் காஜியிடம் வந்தார்கள். பிஷப்புகளும் ரப்பிகளும் தங்கள் மக்கள் அங்கே போவதைத் திரும்பத் திரும்பத் தடுத்ததே, அவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள் என்பதற்குச் சான்று.

குடும்பச் சட்டத்தில் எல்லை கறாரானது. முஸ்லிம் ஆண் கிறிஸ்தவ, யூதப் பெண்ணை மணக்கலாம், மறுதலை கிடையாது. மனைவி முஸ்லிமானால் கணவரிடம் இஸ்லாம் எடுத்துச் சொல்லப்படும், மறுத்தால் காஜி பிரித்து வைப்பார். மதம் தாண்டி வாரிசுரிமை இல்லை, இரு திசையிலும்.

தேவாலய விஷயத்தில் சட்டம் ஒரு வரலாற்றுக் கேள்வியில் நின்றது: ஊர் சமாதானமாகச் சரணடைந்ததா, வாள் முனையில் பிடிபட்டதா? சரணடைந்திருந்தால் பழைய ஆலயங்கள் அவர்களுக்கே. வாள் முனையில் என்றால் உரிமை இல்லை. கான்ஸ்டான்டிநோபிள் 1453இல் போரில் விழுந்தது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிரேக்கர்கள் கையில் பல ஆலயங்கள் தொடர்ந்து இருந்தன. பதினாறாம் நூற்றாண்டில் இந்த முரண்பாட்டை ஒருவர் கிளப்பிவிட, ஹிஜ்ரி 945இல் (1538-39) விசாரணை நடந்தது. 117 வயது என்றும் 130 வயது என்றும் சொல்லப்பட்ட இரண்டு முதியவர்கள், நகரத்து யூதரும் கிறிஸ்தவரும் நகரைப் பிடித்த சுல்தான் மெஹ்மத்தோடு இரகசியமாக உடன்பட்டிருந்தார்கள் என்று சாட்சி சொன்னார்கள். அதை ஆதாரமாக்கி ஆலயங்கள் காப்பாற்றப்பட்டதை பேரரசின் தலைமை முஃப்தி எபுஸ்ஸூத் எஃபெந்தியின் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) பதிவு செய்கிறது. எல்லாம் தலைகீழாகப் போயிருக்கக் கூடிய ஒரு வழக்கை, இரண்டு சாட்சி என்ற அதே விதி மீட்டது.

புதிய ஆலயம் கட்ட அனுமதி இல்லை, பழையதைப் பழுதுபார்க்கலாம், இருந்தபடியே, கூட்டாமல். நடைமுறை இப்படி: சமூகத்தார் தலைநகருக்கு மனு போடுவார்கள். சுல்தானின் ஆணை காஜிக்கு வரும்: 'இது பழைய ஆலயமா, எவ்வளவு இடிந்திருக்கிறது, பார்த்து எழுது.' காஜியின் துணைவர் கட்டடம் தெரிந்த ஒருவரையும் அக்கம்பக்கத்து முஸ்லிம்களையும் கூட்டிக்கொண்டு போய் நீளம், அகலம், உயரம் மூன்றையும் முழத்தில் அளந்து பதிவார். அந்தக் கட்டட முழம் சுமார் 75 செ.மீ. பிறகு அனுமதி வரும். வேலை முடிந்ததும் மீண்டும் அளப்பு. சுவர் ஒரு சாண் உயர்ந்துவிட்டது என்று யாராவது புகார் கொடுத்தால் இடிக்க ஆணை வரலாம். ஒவ்வொரு படியிலும் கட்டணம், அன்பளிப்பு. கூரை ஒழுகத் தொடங்கி அனுமதி கைக்கு வருவதற்குள் மழைக்காலம் ஒன்றிரண்டு ஓடிவிடும், அதனால் இரகசியமாகப் பூசி முடித்தவர்களும் உண்டு. முழுவதும் எரிந்துபோன ஆலயம் மிகவும் ஆபத்தான நிலை, 'பழையது' என்று காட்ட சுவர் இல்லை. 1660ஆம் ஆண்டு இஸ்தான்புல் பெருந்தீயில் எரிந்த பல தேவாலயங்களையும் யூத ஆலயங்களையும் திரும்பக் கட்ட விடவில்லை. எமினோனு பகுதியிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள், அங்கே புதிய பள்ளிவாசல் எழுந்தது.

உடைக் கட்டுப்பாடு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தலைப்பாகை நிறம், செருப்பு நிறம், துணியின் தரம், குதிரை ஏறுவது என்று ஆணைகள் மீண்டும் மீண்டும் வந்தன. ஒரே ஆணை திரும்பத் திரும்ப வருவது, இடையில் யாரும் கடைப்பிடிக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆனால் கெடுபிடியான சுல்தான் வந்த நாளில் அதே ஆணை உயிரைக்கூட வாங்கியது.

ஒப்பந்தத்தை அரசே மீறிய இடம் தேவ்ஷிர்மே. கிறிஸ்தவ ஊர்களிலிருந்து பையன்களை எடுத்து, மதம் மாற்றி, சுல்தானின் காலாட்படையான ஜானிசரிப் படைக்கும் அரண்மனைக்கும் அனுப்பிய முறை அது. திம்மியின் பிள்ளையை அடிமையாக்க ஷரியத்தில் இடமில்லை. அறிஞர்கள் சொன்ன சமாதானங்கள் எதுவும் பொருந்தவில்லை. 1453 ஜூன் 1 அன்று கான்ஸ்டான்டிநோபிளுக்கு எதிர்க்கரையில் கலாதாவில் இருந்த இத்தாலிய ஜெனோவா வணிகர்கள் பெற்ற பத்திரத்தில், எங்கள் பிள்ளைகளை ஜானிசரிக்கு எடுக்கக் கூடாது என்பது ஒரு தனி நிபந்தனையாகவே இருந்தது. பேரம் பேசும் வலிமை இருந்தவர்கள் அதை எழுதி வாங்கினார்கள். போஸ்னியாவிலும் அல்பேனியாவிலும் இருந்த மலைக்கிராமத்தாரால் முடியவில்லை.

முடிவு மெல்ல வந்தது. 1839 நவம்பர் 3 அன்று சுல்தானின் குல்ஹானே அறிவிப்பு எல்லாக் குடிகளின் உயிருக்கும் உடைமைக்கும் ஒரே பாதுகாப்பை உறுதியளித்தது. இஸ்லாத்துக்கு மாறி மீண்டும் கிறிஸ்தவத்துக்குத் திரும்பிய ஓர் ஆர்மீனிய இளைஞர் 1843இல் தலைநகரில் கொல்லப்பட்டார். அதையொட்டி எழுந்த நெருக்கடியில், மதம் மாறியதற்காகக் கொல்வதைத் தடுப்பதாக 1844இல் அரசு வாக்களித்தது. ஜிஸ்யா 1855இல் ஒழிந்தது. 1856 பிப்ரவரி 18 அறிவிப்பு பதவிகளையும் படையையும் எல்லோருக்கும் திறந்தது, முஸ்லிமும் முஸ்லிம் அல்லாதவரும் எதிரெதிராக நிற்கும் வழக்குகளுக்குக் கலப்பு நீதிமன்றங்களை அறிவித்தது. படைச்சேவையை இரு தரப்பும் விரும்பாததால் அதற்குப் பதில் ஒரு வரி வந்தது. பெயர் மாறிய ஜிஸ்யா என்றே மக்கள் அதைப் பார்த்தார்கள். அது 1909இல் போனது. 1860களில் பரவிய புதிய நிஜாமிய நீதிமன்றங்களில் (காஜி நீதிமன்றங்களுக்கு வெளியே அரசு அமைத்தவை) கிறிஸ்தவ, யூத நீதிபதிகளும் அமர்ந்தார்கள், சாட்சித் தடை அங்கே தளர்ந்தது.

ஆலய அனுமதி விதிதான் எல்லாவற்றையும்விட நீடித்தது. 1856 அறிவிப்பிலும் புதிய ஆலயத்துக்கு சுல்தானின் அனுமதி தேவை என்ற நிபந்தனை இருந்தது. எகிப்தில் அது பேரரசு போன பின்னும் தங்கியது. 1934இல் உள்துறை அமைச்சகம் பத்து நிபந்தனைகளைச் சேர்த்தது: மனையின் உரிமை யாருடையது, பள்ளிவாசலிலிருந்து எவ்வளவு தூரம், அக்கம்பக்கத்தில் முஸ்லிம்கள் ஆட்சேபித்தார்களா, ஊரில் கிறிஸ்தவர் எத்தனை பேர். சிறு பழுதுக்கும் அதிபர் வரை கோப்பு போன காலம் 1990களின் இறுதியில்தான் மாறியது. ஆலயக் கட்டுமானத்துக்கென்று எகிப்து தனிச் சட்டம் இயற்றியது 2016இல், 80ஆம் எண் சட்டம். அதிலும் அளவை நிர்ணயிக்க அந்தப் பகுதிக் கிறிஸ்தவர்களின் எண்ணிக்கையையும் தேவையையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள், கோப்பு இப்போது மாகாண ஆளுநரின் மேசைக்குப் போகிறது.